நான் ஒடித்த பிரெஞ்சு

பிரெஞ்சு மொழியில் எனக்கு நாற்பது வார்த்தை தெரியும். அதில் முப்பத்தைந்துக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் நாற்பதையும் எங்கே ஒடிக்கலாம், எங்கே ஒடிக்கக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பாரீசில் இருக்கிற வாத்தியார்களுக்கே இந்தப் பெருமை கிடையாது. அவர்களுக்கு அர்த்தம் வேறு தெரிந்து தொலைக்கிறதே.

நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மருந்துப் பெட்டிக்கும் கட்டுத்துணிப் பெட்டிக்கும் எழுத்து அடுக்குகிற பிள்ளைகள். போன மாதம் உங்களில் ஒருத்தி என்னிடம், "அண்ணாச்சி, வரி முடியிற எடத்துல வார்த்தை பாதியில நின்னா ஒரு சின்னக் கோடு விழுதுல்லா, உங்க காலத்துல அதை யாரு போடுவா?" என்று கேட்டாள். நான்தான் போடுவேன் என்றேன். சிரித்தாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோட்டால் ஒரு பெண்ணின் வேலையே போகப் பார்த்தது. அதைக் கேட்டுவிட்டு மறுபடி சிரியுங்கள்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வாத்தியாருக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு வருடம் கூடவே வைத்துக்கொண்டார். அதன் பிறகு ராஜபாளையத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோக்கிற வேலை. கம்பாசிட்டர் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், மில்லுக்கு கேட் பாஸ் என்று வண்டி ஓடியது. இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது, கோக்கத் தெரியும். இருபத்தாறு எழுத்தும் எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும். தலைக்கும் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஊரில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற துணி செய்யும் ஒரு கட்டுத்துணிக் கம்பெனிக்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. பெட்டிக்குள் வைக்கிற துண்டுச் சீட்டும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். எங்கள் முதலாளி அந்த அச்சு வேலையைச் சிரித்துக்கொண்டே வாங்கி வந்து என் முன்னால் போட்டார்.

"இங்கிலீசு எழுத்துதாம்லே. செலதுக்கு மட்டும் தலையில ஒரு கீத்து இருக்கும். அதை மெட்ராசுல இருந்து வரவழைச்சுத் தாரேன். கோத்துருவியா?"

"மீசை வச்ச எழுத்துக்கும் மொட்டை எழுத்துக்கும் எனக்கு ஒரே கூலிதான மொதலாளி. கோத்துருவேன்."

கோத்தேன். எப்படிக் கோத்தேன் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தமிழில் வரி முடிகிற இடத்தில் வார்த்தை மிச்சம் நின்றால் எங்கே வேண்டுமானாலும் ஒடித்துக் கீழே தள்ளலாம். புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். மற்றபடி எங்கே ஒடித்தாலும் தமிழ் கோபித்துக்கொள்ளாது. வரி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், சந்து விழக் கூடாது. அதுதான் எங்கள் கௌரவம். அதே கௌரவத்தோடு பிரெஞ்சையும் ஒடித்தேன். இடம் எங்கே தீர்ந்ததோ அங்கே வெட்டினேன். வலப்பக்கம் சுவர் வைத்துக் கட்டியதுபோல நேராக நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கே கண் பட்டுவிடும்போல இருந்தது.

நான் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் காலை டவுன் பஸ்ஸில்தான் ராஜபாளையம் போவேன். மறுநாள் அந்தச் சீட்டின் புரூஃபை, அதாவது சரிபார்க்க எடுக்கிற தாளை, கையில் விரித்து ரசித்துக்கொண்டே நின்றேன். பக்கத்துப் பெண்கள் சீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்.

"கொழுந்தனாரே, இதை எந்தக் கறிக்கடையில குடுத்து வெட்டுனீங்க?"

என் கூட்டாளி ஒருத்தன் பட்டாளத்தில் வடக்கே இருந்தான். சிரித்தது அவன் மனைவி. அவன் எனக்கு அண்ணன் முறை என்பதால் இவர் எனக்கு மதினி. பிறந்த ஊர் காரைக்கால். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சிலேயே பத்து வருடம் படித்தவர். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் சீட்டுக் கோத்த அதே கட்டுத்துணிக் கம்பெனியில், இந்த ஆர்டருக்காகவே அவரைப் பெட்டி அடுக்குகிற பகுதிக்கு மேற்பார்வை பார்க்கச் சேர்த்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"என்ன மதினி, எழுத்து தப்பா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு வரி கடைசியிலயும் ஒரு கொலை நடந்திருக்கு. கழுத்துல வெட்ட வேண்டியதைக் கணுக்கால்ல வெட்டி வச்சிருக்கீங்க. படிக்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டால் வேலை நடக்குமா? "அப்பம் எங்கன வெட்டணும்னு சொல்லிக் குடுங்க" என்றேன்.

அப்படித்தான் என் பிரெஞ்சுப் படிப்பு பஸ்ஸிலேயே நடந்தது. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே படித்த ஆள் நான், பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் படித்தேன். கண்டக்டர் என்னை உள்ளே தள்ளப் பார்ப்பார்.

"ஏலே, பொம்பளையாளுக சீட்டுப் பக்கத்துல உனக்கு என்ன சோலி?"

"பிரெஞ்சு படிக்கேம்ணே."

"நீ மொதல்ல தமிழ் படி. பின்னாடி போன்னு எழுதிப் போட்டுருக்கு."

மதினி சொல்லிக்கொடுத்த முறை சுலபமானது. எழுத்தில் இரண்டு ஜாதி: வாயைத் திறக்கிற எழுத்து, வாயை அடைக்கிற எழுத்து. திறக்கிறது ஆறுதான். அச்சகத்துக்குப் போனதும் அந்த ஆறு அறைக்கும் குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன். இரண்டு திறப்புக்கு நடுவே ஒரே ஒரு அடைப்பு வந்தால் அது பின்னால் போகிறவனோடு போகும். இரண்டு அடைப்பு வந்தால் ஆளுக்கொன்று, ஒன்று மேல் வரியில், ஒன்று கீழ் வரியில். ஆனால் இரண்டாவது ஆள் 'எல்' ஆகவோ 'ஆர்' ஆகவோ இருந்தால் பெரும்பாலும் பிரிக்கக் கூடாது.

"ஏன் மதினி, அதுக மட்டும் என்ன ஒசத்தி?"

"புதுசாக் கல்யாணம் ஆனதுங்கன்னு வச்சிக்குங்க. பிரிச்சா பாவம் புடிக்கும்."

பிறகு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று காட்டினார். முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டுவார். நாம் வார்த்தையின் தலையிலேயே கனத்தைப் போட்டுவிடுகிறோமாம். பிரெஞ்சுக்காரன் எல்லாப் படியையும் ஒரே மாதிரி மிதித்து வந்து, கடைசிப் படியில் மட்டும் காலை ஊன்றுவானாம். கட்டு என்பதற்கு 'பான்ஸ்மான்'. 'மான்' என்பதில் ஊன்ற வேண்டும். காயத்துக்கு 'பிளெஸ்ஸூர்'. 'ஸூர்' என்பதில் ஊன்ற வேண்டும். வார்த்தையின் கடைசியில் சும்மா நிற்கிற 'ஈ' எழுத்து ஊமை. அதன்மேல் காலை வைத்தால் வழுக்கிவிடும், அதை மட்டும் தனியாகக் கீழ் வரிக்கு அனுப்பவும் கூடாது. கூட்டம் கூட்டமாக வார்த்தைகளுக்கு ஒரே வால் ஒட்டியிருக்கும், அந்த 'மான்' மாதிரி. வாலை முழுதாகக் கழற்றலாம், வாலில் பாதியைக் கழற்றக் கூடாது.

நான் இதை அச்சகத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோத்தேன். எழுத்துக் கோக்கிற இரும்புச் சட்டத்தைத் தட்டுவேன், கடைசியில் நிஜமாகவே காலை ஓங்கித் தரையில் ஊன்றுவேன். முதலாளி இரண்டு நாள் பார்த்துவிட்டு, தளவாய்புரத்தில் பேய் ஓட்டுகிற ஆள் ஒருத்தர் இருப்பதாக மெஷின்காரரிடம் விசாரித்தாராம்.

மூன்று வாரத்தில் தேறிவிட்டேன். மதினியே ஒப்புக்கொண்டார். வேறு பிரெஞ்சுச் சீட்டுகள் இரண்டு போயின, ஒரு குறையும் சொல்லி வரவில்லை. அங்கேதான் எனக்குக் கொம்பு முளைத்தது. புரூஃப் எடுத்தால் என் கண் நேரே வலப்பக்க ஓரத்துக்குத்தான் போகும். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் வாலைப் பார்க்கிறவன் ஆகிவிட்டேன்.

அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பெரிய சீட்டு. இரண்டாயிரம் பெட்டி. காயத்தில் கட்டுப்போடுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிற சீட்டு. லாரி அச்சடிக்கிற அன்றைக்கே சாயங்காலம் நாலு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். மதினிக்கு அது வெறும் சீட்டு இல்லை. அவரை மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். இந்தச் சரக்கு ஒழுங்காகப் போனால் வேலை உறுதி. இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காரைக்காலில் அண்ணன் வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லிப் புருஷன் எழுதிவிட்டான். "அண்ணி கையில சோறு வாங்கித் திங்கிறதுக்கு இந்த பஸ்ல மிதி வாங்குறது மேல்" என்பார்.

அன்று காலை பஸ்ஸில் புரூஃபைக் கொடுத்தேன். கம்பெனிக்காக அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்தான். பஸ் ஆடிய ஆட்டத்தில் பொறுமையாக எல்லா வரியும் படித்தார். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் பேனாவை வைத்தார்.

"கொழுந்தனாரே, இங்க ரெண்டு 'டி'யும் மேல நிக்குது. ஒண்ணைக் கீழ எறக்குங்க."

'நெத்துவாயே' என்கிற வார்த்தை. மேல் வரியில் 'நெத்' நிற்கும், கீழ் வரியில் 'துவாயே' போகும். நான் இரண்டு டி-யையும் மேலேயே வைத்திருந்தேன்.

"அம்புட்டுத்தான? போனதும் எறக்கிருதேன். கையெழுத்தப் போடுங்க, பஸ் நின்னுருச்சு."

அவர் ஒரு நொடி தயங்கினார். பின்னால் இறங்குகிறவர்கள் இடித்தார்கள். போட்டுவிட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கையெழுத்து விழுந்த பிறகு எழுத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மறு புரூஃப் எடுத்து மறுபடி காட்ட வேண்டும். ஒரு எழுத்துக்குக்கூட விலக்கு இல்லை. இதை எனக்குப் பின்னால் சேர்ந்த எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், குரலை உயர்த்திக்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் நினைத்தது இதுதான்: ஒரு டி தானே.

அந்த ஒரு டி கீழே இறங்கியதும் கீழ் வரியில் இடம் போதவில்லை. இரண்டு வரியையும் தூக்கிப் பக்கத்தில் வைத்து இடைவெளியைச் சரிசெய்தேன். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. குடித்தேன். வரிகளைத் திரும்ப வைத்தேன். மெஷினில் முதல் தாள் வந்ததும் எடுத்துப் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? வலப்பக்க ஓரத்தை. 'நெத்', சின்னக் கோடு. அழகாக இருந்தது. "ஓட்டுங்கண்ணே" என்றேன்.

பதினொரு மணிக்கெல்லாம் இரண்டாயிரமும் கம்பெனிக்குப் போய்விட்டது.

அச்சடித்து முடிந்தால் எழுத்தைப் பிரித்து அறை அறையாகப் போட வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிரிப்பது அப்போது எனக்குப் பழக்கம். மேலே நாலு வரி பிரித்தாகிவிட்டது. அப்புறம் ஒரு வரிக் கடைசியில் 'நெத்' என்றேன். அடுத்த வரித் தொடக்கத்தில் 'துவாயே' என்று காலை ஊன்றத் தூக்கினேன். அங்கே 'ப்ரெஸ்' என்று வேறெதோ வார்த்தையின் வால் இருந்தது. இருட்டில் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இரண்டு வரியும் இடம் மாறிக் கிடந்தன. தலை ஒரு வீட்டில், உடம்பு இன்னொரு வீட்டில்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்கி நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் அந்த மொழியில் ஒரே அளவு ஞானம்.

"எம்புட்டு வரிலே மாறியிருக்கு?"

"ரெண்டு."

"இருவதுல ரெண்டு. படிக்கப் போறவன் எங்கனயோ கடலுக்கு அங்கிட்டு இருக்கான். அவன் அதைக் கசக்கிப் போட்டுட்டுக் கட்டைப் போடுவான். விடு. அப்படியே கேள்வி வந்தாலும் கையெழுத்து யாரு போட்டது? அந்தம்மாதான? அவிய பொறுப்பு."

பிள்ளைகளா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். செத்த நேரம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். பயந்த இரண்டு பேர் சேர்ந்து யோசித்தால் இந்த மாதிரி யோசனைதான் வரும்.

ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. இது சின்னத் தப்பு என்று நாங்கள் எதை வைத்துச் சொல்கிறோம்? அந்த வரி என்ன சொல்கிறதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாத இடத்தில் தப்பை அளக்க எவனுக்கும் முழக்கோல் கிடையாது. இருபதில் இரண்டு என்பது கணக்கு. அந்த இரண்டில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். இதை இன்றைக்கும் நீங்கள் செய்கிறீர்கள். அரபு எழுத்து வருகிறது, ருஷ்ய எழுத்து வருகிறது, 'ஒரு புள்ளிதானே' என்கிறீர்கள். அந்தப் புள்ளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

"மொதலாளி, இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாரேன். ஒண்ணுமில்லன்னு அவிய சொன்னா நானும் வாயத் தெறக்கல."

"கேட்டாலே தெறந்த மாதிரிதாம்லே."

அது உண்மைதான். ஆனாலும் ஆணியில் குத்தியிருந்த கையெழுத்துப் புரூஃபை உருவி, அச்சடித்த தாள் ஒன்றையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. செங்கோட்டை வண்டி ஒரு பெட்டியை விடாமல் ஆற அமரப் போனது. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை.

கம்பெனியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மதினி சிரித்த முகமாக வந்தார்.

"என்ன கொழுந்தனாரே, பாக்கு வெத்தலை வைக்க வந்தீங்களா?"

நான் இரண்டு தாளையும் நீட்டினேன். என் வாய் சும்மா இருப்பதைப் பார்த்ததுமே அவர் சிரிப்பு போய்விட்டது. படித்தார். திரும்பவும் படித்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"மதினி, பெருசா?"

"உறை கிழிஞ்சிருந்தா உபயோகிக்கக் கூடாது. கட்டுறதுக்கு முன்னாடி காயத்தை நல்ல தண்ணியில கழுவணும். இதுதான் இருக்கணும். அந்த பாஷையில 'கூடாது' முன்னாடி வரும். அது மேல் வரி கடைசியில நிக்குது. அதுக்குக் கீழ இப்ப உறை கிழிஞ்ச சமாச்சாரம் இல்ல. 'துவாயே'ன்னு கழுவுற சமாச்சாரம் வந்து நிக்குது."

"அப்படின்னா?"

"காயத்தைக் கழுவக் கூடாதுன்னு ஆகுது."

நான் அன்று வரை நினைத்திருந்தது, என் வேலை தாளில் மை வைப்பது என்றுதான். எங்கோ ஒருத்தன் காலில் மண் ஒட்டிய காயத்தோடு உட்கார்ந்து அந்தத் தாளை விரித்துப் படிப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு டம்ளர் டீ.

கம்பெனிக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெண்கள் கையை நிறுத்தியிருந்ததைப் பார்த்துத்தான் வந்தார். மதினி விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"புரூஃப்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றார் மதினி.

நான் நடுவே புகுந்தேன். "அண்ணாச்சி, அவிய கையெழுத்துப் போட்ட தாள் இது. நான் அடிச்சுக் குடுத்த தாள் இது. அவிய பாத்ததுல வரி ஒழுங்கா இருக்கு. அதுக்குப் பொறவு நான்தான் தொட்டேன், தொட்டுட்டு மறு புரூஃப் காட்டல. அவியளை ஒண்ணும் சொல்லாதிய."

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அத்தோடு முடிந்திருக்கும். மதினி தப்பித்திருப்பார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"இல்லீங்க" என்றார் மதினி. "ஒரு எழுத்தை மாத்தச் சொன்னது நான். மாத்தினதைக் காட்டுங்கன்னு கேக்காமலே கையெழுத்துப் போட்டேன். பஸ் நின்னுடுச்சுன்னு போட்டேன். அதுல பாதி என் தப்பு."

எனக்கு அவரை அடித்துவிடலாம்போல இருந்தது. முழுத் தப்பையும் ஒருத்தன் தூக்கிச் சுமக்க வந்திருக்கிறான், அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறாரே. கம்பெனிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஆகப் போகிறது. பெண்கள் பக்கம் திரும்பினார்.

"மூடுன பெட்டியெல்லாம் பிரிங்கம்மா. சீட்டை வெளிய எடுங்க." பிறகு எங்களிடம், "எத்தனை மணிக்குக் கெடைக்கும்?"

"அஞ்சுக்குள்ள" என்றேன். மேலே நாலு வரியை ஏற்கெனவே பிரித்துவிட்டேன் என்பதை நான் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்லித் தீர்த்துவிடக் கூடாது.

மதினி என்னோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார். முதலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார். நான் நாலு வரியையும் கோத்து, இடம் மாறிய இரண்டையும் சரியான வரிசையில் வைத்துப் புரூஃப் எடுத்தபோது மணி இரண்டே முக்கால். மதினி என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "மூலத்தை நீங்க கையில எடுங்க. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. நான் இதுல பாக்குறேன்" என்றார்.

"எந்த வரியில இருந்து?"

"ஒண்ணாவது எழுத்துல இருந்து."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, லாரி காத்துக் கெடக்கு. புதுசாக் கோத்ததையும் மாறிக் கெடந்ததையும் பாத்தாப் போதாதா? கீழ உள்ளதெல்லாம் காலையில பாத்ததுதான?"

"காலையில பாத்தது பஸ்லங்க."

"லாரி போயிருச்சுன்னா?"

"நிக்கும்."

"நிக்காதும்மா."

"நிக்கலைன்னா அடுத்த லாரி. ஆரம்பிங்க கொழுந்தனாரே."

ஆரம்பித்தேன். 'பி, ஏ, என், எஸ்' என்று ஒவ்வொன்றாக. என் பழக்கத்தில் வேகமெடுத்தால், "ஓடாதீங்க" என்பார். அரைமணி நேரம் ஆனது. முதலாளி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்த நடையில் சுந்தரபாண்டியம் ஊர் வரை போய்வந்திருக்கலாம். கடைசிக்கு முந்தின வரியில் மதினி கையைத் தூக்கினார். அங்கே ஒரு 'என்' தலைகீழாக நின்று 'யூ' ஆகியிருந்தது. காலையில் பஸ்ஸில் அவர் தாண்டிய எழுத்து, மெஷினில் நான் தாண்டிய எழுத்து, இரண்டாயிரம் தாளிலும் விழுந்த எழுத்து.

அதைத் திருப்பி வைத்தேன். மறு புரூஃப் எடுத்தேன். யாரும் கேட்காமலே எடுத்தேன். மதினி அதையும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல போடுங்க. கீழ நான் போடுறேன்."

கம்பாசிட்டர் கையெழுத்துப் போடுகிற வழக்கமே கிடையாது. அதோடு எனக்கு எழுத்தெல்லாம் ஈயத்தில்தான் பழக்கம், அதுவும் இடம்வலம் மாறி. பேனாவைப் பிடித்து என் பெயரை எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. சுவரில் பல்லி ஏறியதுபோல இருந்தது. மதினி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கீழே தன் பெயரைப் போட்டார்.

ஐந்தரைக்குத்தான் சீட்டு கம்பெனிக்குப் போனது. லாரி நின்றது. டிரைவர் லாரிக்குள் தார்ப்பாயை விரித்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் கூடி மடித்தோம், நானும் மடித்தேன், முதலாளியும் வந்து மடித்தார். ஏழு மணிக்கு லாரி கிளம்பியது. பிள்ளைகளா, முப்பது வருடத்தில் நான் கண்டது இது: அவசரம் என்று நம்மைத் துரத்துகிற லாரிகளில் பாதி, ஆள் போய்ச் சொன்னால் நிற்கும். தப்பு அச்சேறிவிட்டால் அது நிற்காது.

பெண்கள் எல்லோரும் போன பிறகு மதினி பையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்காரர் முன்னால் போய் நின்றார். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். காரைக்காலுக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பின்னால் சொன்னார். கம்பெனிக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு வரும்போது ஒரு செவப்புப் பேனா வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். "இனிமே நீங்க ரெண்டு தடவை பாக்காத எந்தச் சீட்டும் இங்கேயிருந்து போகாது."

மதினி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பேனா சீக்கிரம் தீந்துடும்னு நெனைக்கிறேன்" என்றார்.

மறுநாள் வாங்கினார். அந்தக் கம்பெனியில் அவர் இருந்த பதினோரு வருடத்தில் எத்தனை சிவப்புப் பேனா வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேனாவும் யாருடைய வரிகளில் தீர்ந்தது என்று கேட்டால், அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.